குழாய் பார்க்க வந்த பயில்வான்

பயில்வானுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது பெற்றவர்கள் இல்லை, குடியிருப்பு. குடிவந்த அன்று மூன்று பேர் உட்காரும் சோபாவைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் படியேறினான். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் அவன் மனைவிக்கே கோபம் வந்தால் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது.

அப்பேர்ப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு மனிதன் சும்மா இருந்திருக்கலாம். பெரிய சாலையில் இருக்கும் ஜிம்மில் நல்ல வேலை, மார்பில் பெயர் எழுதிய சட்டை, கழுத்தில் விசில். எல்லாவற்றையும் உதறிவிட்டு ஒரு நாள், "இனிமே சொந்தமா செய்யப் போறேன். வீடு வீடாப் போய்ச் சொல்லித் தருவேன்" என்று வந்து நின்றான். ஜிம்மில் தன்னிடம் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரும் கோழிக்குஞ்சுகள் மாதிரி பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பது அவன் நினைப்பு. ஒரு குஞ்சும் வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில், அவர்கள் இத்தனை நாள் வந்துபோனது அவனுக்காக இல்லையாம். அங்கே இருந்த ஏசிக்காகவும் ஆளுயரக் கண்ணாடிக்காகவுமாம்.

லிஃப்டுக்குள் ஒரு விளம்பரம் ஒட்டினான். அதில் அவனே கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். மறுநாள் பார்த்தால் யாரோ அந்தப் புஜத்துக்குக் கண்ணும் மீசையும் வரைந்திருந்தார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் மாட்டார்கள். பூங்காவில் இலவச வகுப்பு என்று அறிவித்தான். நல்ல கூட்டம். இலவசம் முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. ஒரு நாய் மட்டும் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. லிஃப்டில் சிக்கினால் ஆளாளுக்குத் தோளையும் இடுப்பையும் காட்டுவார்கள். "இந்த எடத்துல சுருக்குனு பிடிக்குதுப்பா, என்ன பண்ணலாம்?" அவன் பொறுமையாகச் சொல்லி முடிப்பதற்கும் அவர்கள் மாடி வருவதற்கும் சரியாக இருக்கும். "நல்லா இருப்பே" என்று வாழ்த்திவிட்டு இறங்கிவிடுவார்கள். வாழ்த்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மனைவி கண் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். "நீங்க தின்னுற முட்டைக்குக் கோழியே ராஜினாமா பண்ணிடும்" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலமே அவளுடைய அண்ணன் வந்து உட்கார்ந்தார் என்றால், போன் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மச்சான் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். நல்லவர்களிடம்தான் முடியாது என்று சொல்வது கஷ்டம்.

"மாப்பிள்ளை, மாசக் கடைசி வரைக்கும் பாரு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் உன்கிட்ட சேர்ந்தாலும் போதும், நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லேன்னா மறுபேச்சு பேசாம கடைக்கு வந்து உக்காரு. உனக்குன்னே ஒரு சுழல் நாற்காலி வாங்கி வச்சிருக்கேன்."

அந்த நாற்காலியைப் பயில்வான் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மெத்தென்று, கை வைக்க இடத்தோடு, ஆளை விழுங்கக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. மச்சானும் ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவர்தான். இதே மாதிரி ஒன்றில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் எழுந்து நின்று பார்த்தவர்கள் குறைவு. இப்போது ஒரு நீளக் கொம்பை வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே அலமாரிச் சாமானை இழுத்துத் தருகிறார். இருட்டுக்கும் பாம்புக்கும் பயப்படாத பயில்வான், ஒரு நாற்காலிக்குப் பயந்து வீடு வந்து சேர்ந்தான்.

இந்த நிலைமையில்தான் நாலாம் மாடித் தையல்காரம்மா அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேருடைய இடுப்பளவும் அவர் தலைக்குள் இருக்கிறது. எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றுகூட வெளியே வராது.

"தம்பி, எனக்கு இடுப்பு போச்சு. மிஷின்லயே உக்காந்து உக்காந்து, குனிஞ்சா நிமிர முடியல. உடம்பும் ஏறிப்போச்சு. நீ சொல்லித் தா. ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"இதுல மறைக்க என்னம்மா இருக்கு?"

"என்ன இருக்கா? ஒவ்வொருத்தியும் வந்து 'நான் குண்டாயிட்டேனாக்கா'ன்னு கேப்பா. 'இல்லவே இல்ல, துணிதான் தண்ணியில சுருங்கிடுச்சு'ன்னு சொல்லிப் பிரிச்சுத் தைச்சுக் குடுப்பேன். அதுலதான் என் பொழப்பே ஓடுது. இப்ப நானே உடம்பக் குறைக்கக் கிளம்பிட்டேன்னு தெரிஞ்சா? 'அப்ப நம்மளையும் சேர்த்துத்தான் சொல்றா'ன்னு அத்தனை பேரும் வேற எடம் பாத்துட்டுப் போயிடுவாளுங்க."

"அப்ப நான் எதுக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்றது?"

தையல்காரம்மா ஊசியில் நூல் கோக்கிற முகத்தோடு யோசித்தார். "குழாய் பாக்க வந்தேன்னு சொல்லு. உன் மச்சான் குழாய்க் கடைதானே. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

முதல் வாடிக்கை. மாதம் முடிவதற்குள் கிடைத்த முதல் வாடிக்கை. பயில்வான் யோசிக்கவே இல்லை, சத்தியம் பண்ணிக் கொடுத்தான். மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று தனியாக இன்னொரு சத்தியமும் வாங்கிக்கொண்டார் தையல்காரம்மா. அளவெடுக்கிற கை அல்லவா, எங்கேயும் இடைவெளி விடாது.

மச்சானிடம் போய்ப் பழைய சாமான் பெட்டி ஒன்று கேட்டான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளைக்குள்ள ஒரு பிளம்பர் இருந்திருக்கான், எனக்குத் தெரியாமப் போச்சே" என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாராம். பெட்டியில் இருந்த ஸ்பேனரும் ரம்பமும் கட்டிலுக்கு அடியில் போயின. அவை இருந்த இடத்தில் டம்பெல்லும் இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைகளும் ஏறின. வழியில் இருக்கிறதே என்று காவல்காரர் அந்தப் பெட்டியைக் காலால் தள்ளப் பார்த்தார். பெட்டி அசையவில்லை, அவர்தான் கொஞ்ச நாள் நொண்டினார்.

தையல்காரம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் காதை வைத்துக் கேட்டதாகத் தகவல். "ஐயோ, முடியல தம்பி, விட்டுடு" என்று ஒரு குரலும், "விடாதீங்க, இறுக்கிப் பிடிங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இன்னொரு குரலும் கேட்டதாம். துருப்பிடித்த வால்வு போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். மறுநாள் மாடிப்படியில் கேட்டபோது தையல்காரம்மாவும் தாராளமாகப் புகழ்ந்துவைத்தார். "அந்தத் தம்பி கை வச்சா ஒரு சொட்டு ஒழுகாது."

வினை அங்கே ஆரம்பித்தது. டிரெய்னராக ஒரு கதவும் திறக்காத குடியிருப்பில், பிளம்பராக அவனை எல்லா வீட்டிலும் கூப்பிட்டார்கள். அவனுக்கோ குழாயில் தண்ணீர் வரும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. "நாளைக்கு வரேன்" என்பான், போக மாட்டான். விடாமல் இழுத்துப் போனால், சொட்டுகிற குழாயை உற்றுப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி, "இத யாரு மாட்டினது?" என்று கேட்பான். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டே, "பார்ட்ஸ் வரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். அதோடு குடியிருப்புக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. சொன்ன நாளில் வராதவன், முன்னால் மாட்டியவனைத் திட்டுகிறவன், பார்ட்ஸ் இல்லை என்கிறவன். இவன் பிளம்பர் இல்லாமல் வேறு யார்?

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. அவர் பயில்வானைச் சமையலறைக்குள் விட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பார்ட்ஸெல்லாம் அப்புறம். முதல்ல பெட்டியத் திற."

திறந்தான். உள்ளே டம்பெல்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சாதுவாகப் படுத்திருந்தன. செயலாளர் குனிந்து பார்த்தார். பயில்வான் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது செயலாளர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இதத் தூக்கினா தொந்தி குறையுமா?"

"தூக்குற விதமாத் தூக்கினா குறையும் சார்."

"டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். ஆனா நான் பேசின பேச்சு உனக்கே தெரியுமே."

குடியிருப்புக்கே தெரியும். கீழ்த்தளத்தில் ஒரு உடற்பயிற்சி அறை வைக்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் பேச்சு வந்தபோது, உழைக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி, வேலையில்லாதவன்தான் கனத்தைத் தூக்கித் திரும்ப அதே இடத்தில் வைப்பான் என்று மூச்சுவிடாமல் முழங்கினவர் இவர். முழங்கின கையோடு அந்த அறையில் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கிப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அவரும் சத்தியம் வாங்கினார். அவர் வீட்டுக் குழாய் தொடர்ந்து சொட்டியது. அடியில் ஒரு வாளி வைத்துவிட்டு, ஒழுகல் நின்றுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார்.

மூன்றாவது ஆள் மருந்துக்கடைக்காரர். கடை தரைத்தளத்தில், வீடு மூன்றாம் மாடியில். உடம்பு இளைக்கிற பவுடர் ஒன்று விற்கிறார். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் அவர் வயிறு வந்துவிடும். "நீங்க இத சாப்பிடறதில்லையா?" என்று வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஆளே வெறுத்துப்போயிருந்தார். செயலாளர் வீட்டுக்கு அடிக்கடி பெட்டி போகிறதே என்று மோப்பம் பிடித்து, பயில்வானைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"பாஸ், எனக்கும் சொல்லிக் குடுங்க. ஆனா இளைச்சது பவுடராலதான்னு இருக்கட்டும்."

"அது பொய்யில்லையா பாஸ்?"

"நீங்க கையில வச்சிருக்கிறது என்ன பெட்டி?"

பயில்வானின் மனச்சாட்சி எழுந்து நிற்கப் பார்த்தது. சுழல் நாற்காலி ஞாபகம் வந்ததும் உட்கார்ந்துவிட்டது.

ஆக, மாதக் கடைசிக்குள் மூன்று பேர். ஒருத்தர் போதும் என்ற மச்சானிடம் மூன்று பேரைக் காட்டி நெஞ்சை நிமிர்த்தியிருக்கலாம். காட்டத்தான் ஆளில்லை. சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெல்ல எடுத்தான்.

"எனக்கு மூணு பேர் சேர்ந்திருக்காங்க."

"அப்படியா? யாரு?"

"சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்கிட்டகூடவா?"

"உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு தனியாவே வாங்கியிருக்காங்க."

அவள் மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். "காலேஜ்ல இல்லாத காதலியப் பத்திக் கதை விடுற பசங்களப் பாத்திருக்கேன். இல்லாத மாணவனப் பத்திக் கதை விடுற ஆள இப்பத்தான் பாக்கறேன்." அடுத்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள். "ஏங்க, அந்தக் கடையில உங்கள உக்காரச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? யாராவது ஒருத்தர வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பயில்வான் அப்போதே மாடி மாடியாக ஏறி இறங்கினான். தையல்காரம்மா அவன் தலையைத் தடவி, "உனக்கு அழகா ஒரு சட்டை தைச்சுத் தரேன், இத மட்டும் கேக்காத தம்பி" என்றார். செயலாளர், "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். மருந்துக்கடைக்காரர் பவுடர் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதில் கொள்ளு மாவு வாசனை.

மாதத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்துவிட்டார். கீழே வண்டி, முகம் நிறையச் சிரிப்பு. "ஊரே உன் குழாய் வேலையப் பத்தித்தான் பேசுது மாப்பிள்ளை. டிரெய்னர் வேலைக்கு ஒருத்தரும் வரலேன்னு மனசத் தளர விட்டுடாத. நாளையிலேர்ந்து கடையில நீதான் சர்வீஸ்." பயில்வான் நல்ல மாப்பிள்ளைக்கு லட்சணமாகத் தலையை ஆட்டினான். டீ வந்தது. அவன் அதைக் குடிக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு கூச்சல்.

"பயில்வான் எங்க? குழாய் பிச்சுக்கிச்சு. கூப்பிடுங்க பயில்வான."

மருந்துக்கடைக்காரர் வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து, வாசல் தாண்டி, நடைக்கு வந்துவிட்டிருந்தது. அக்கம்பக்கமெல்லாம் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றது. தையல்காரம்மா நின்றார். செயலாளர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டார், வழி விடுங்க" என்று கூட்டம் பிளந்து வழிவிட்டது. பயில்வான் பெட்டியோடு நடந்தான். பின்னால் பெருமை பொங்க மச்சான், அவருக்குப் பின்னால் மனைவி.

சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு குழாய் தொங்கியது. அதில் ஒரு நீல ரப்பர் பட்டை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அசையாத எதிலாவது கட்டி இழுங்கள் என்று பயில்வான் சொல்லிக்கொடுத்திருந்தான். மருந்துக்கடைக்காரர் வீடு பூராவும் தேடி, தண்ணீர்க் குழாயைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"இது என்ன மாப்பிள்ளை, புது மாதிரி வாஷரா?" என்றார் மச்சான். "சரி, ஸ்பேனர எடு."

பயில்வான் பெட்டியைத் திறந்தான். மச்சான் எட்டிப் பார்த்தார். டம்பெல்லைப் பார்த்தார், பயில்வானைப் பார்த்தார். பயில்வான் வேறு வழி தெரியாமல் உள்ளங்கையால் குழாய் வாயை அடைத்தான். தண்ணீர் திசை மாறிச் செயலாளர் முகத்தில் அடித்தது.

"மெயின் வால்வ மூடுங்கய்யா முதல்ல" என்று அதட்டினார் மச்சான். செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினார். மனைவி கீழே போய் வண்டியிலிருந்து அண்ணனின் சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். ஈரத் தரையில் மச்சான் மண்டிபோட்டார். கடைக்கு வெளியே அவர் கை வேலை செய்து பார்த்தவர் இங்கே ஒருவருமில்லை; என்ன கை அது. முறுக்கினார், சுற்றினார், இறுக்கினார், முடிந்தது. செயலாளர் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவர் எழுந்திருப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். உடம்பு வரவில்லை.

"கை குடுங்க" என்றார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். "விடுங்க, விடுங்க, தோள் கழண்டுடும்."

"இழுக்காதீங்க" என்று ஒரு குரல். தையல்காரம்மா. "அவராவேதான் எழுந்திரிக்கணும். ஒரு கால முன்னால கொண்டுவாங்க. குதிகால் தரையில பதியணும்."

"அம்மா சொல்றது சரிதான், ஆனா மூச்சு?" என்றார் செயலாளர். "மூச்ச அடக்கிக்கிட்டு எழுந்திரிச்சா தலை சுத்தும். விட்டுக்கிட்டே எழுந்திரிக்கணும். இப்படி." சொன்னதோடு நில்லாமல் ஈரத்தில் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்து காட்டினார்.

மருந்துக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "சார், உங்க முட்டி உள்ள மடங்குது."

"எனக்கா? என் முட்டி மடங்கவே மடங்காது."

"மடங்குது சார். கால் கட்டைவிரலுக்கு நேரா வரணும். இங்க பாருங்க." அவர் வயிற்றை முன்னால் விட்டு, பின்னால் நாற்காலி இருக்கிற மாதிரி காற்றிலேயே உட்கார்ந்து எழுந்தார்.

"ரெண்டு பேரும் சுவத்தப் பிடிச்சுக்கிட்டுப் பண்றீங்க" என்று தையல்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். அப்படியே தரையில் உட்கார்ந்து, கையை எதிலும் வைக்காமல், விளக்கேற்றின திரி மாதிரி நிமிர்ந்து எழுந்தார். "கை வைக்கக் கூடாதுன்னுதானே தம்பி சொல்லுது."

"எந்தத் தம்பி?" என்றாள் பயில்வானின் மனைவி.

மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தார்கள். பயில்வான் கூரையைப் பார்த்தான். சத்தியத்தை அவன் காப்பாற்றிவிட்டான், அவர்கள் செய்ததற்கு அவன் என்ன பண்ணுவான்?

"எந்தத் தம்பியா இருந்தா என்ன" என்று தரையிலிருந்து மச்சானின் சத்தம் வந்தது. "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்."

பயில்வான் மச்சானுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டான். அதுவரைக்கும் மாப்பிள்ளைக் குரல்தான் மச்சான் கேட்டிருக்கிறார். இப்போது கேட்டது வேறு. அவசரமில்லாத, அழுத்தமான குரல். "மச்சான், என்னப் பாருங்க. வலது கால். போதும், அங்கயே வைங்க. நெஞ்சு நிமிரட்டும். மூச்ச உள்ள இழுங்க. இப்ப விட்டுக்கிட்டே, தரையத் தள்ளுங்க." மச்சான் தள்ளினார். தரை அங்கேயே இருந்தது, அவர் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகு தன் கால்களைக் குனிந்து பார்த்தார், யாரோ இரவல் கொடுத்ததைப் பார்ப்பதுபோல.

"அப்ப துணி சுருங்கலையாக்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி தையல்காரம்மாவைக் கேட்டாள்.

"துணியும் சுருங்கிச்சு, இப்ப நானும் சுருங்கறேன். உனக்குப் பிரிச்சுத் தைக்கணும்னா கொண்டா, இல்ல தம்பிகிட்ட வரணும்னா வா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கேட்டவள் யோசித்தாள். ஆனால் போகவில்லை. இன்னொருவர் கீழ்த்தளத்து அறைச் சாவியைப் பற்றி ஆரம்பித்தார். செயலாளர் காதில் தண்ணீர் புகுந்துவிட்ட மாதிரி தலையைத் தட்டிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர், பவுடரோடு சேர்த்துச் செய்தால்தான் முழுப் பலன் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மனைவி அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒருத்தர்னு கேட்டீங்க. மூணு பேர் நிக்கறாங்க."

மச்சான் பயில்வானை மேலும் கீழும் பார்த்தார். "பீய்ச்சியடிக்கிற குழாய உள்ளங்கையால அடைக்கிற ஆள என் கடையில உக்கார வச்சா, எனக்கு இருக்கிற வியாபாரமும் போயிடும் மாப்பிள்ளை. தயவுசெஞ்சு கடைப் பக்கம் வந்துடாத."

பயில்வானுக்கு அவரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போலிருந்தது. இப்போதுதான் எழுந்து நின்றவர் என்பதால் விட்டுவிட்டான்.

"சந்தோஷமெல்லாம் அப்புறம்" என்ற மனைவி, எங்கிருந்தோ பொறுக்கிவந்த துடைப்பான்களை அவன் கையில் திணித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவள் மூக்கு விடைத்ததிலேயே தெரிந்தது. "உங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டு இந்தத் தண்ணியத் தள்ளுங்க. கீழ் வீட்டுக்குப் போயிட்டிருக்கு."

மூன்று பேரும் ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டார்கள். பயில்வானும் ஒன்றை எடுத்துக் குனிந்தவன், அவர்கள் குனிந்த லட்சணத்தைப் பார்த்ததும் தன்னுடையதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு முன்னால் போய் நின்றான்.

"யாரும் முதுக வளைக்காதீங்க. முட்டிய மடக்குங்க. தையல்காரம்மா, தோள் ரெண்டும் கீழ. செயலாளர் சார், இடுப்பால திரும்பாதீங்க, கால நகர்த்துங்க."

செயலாளர் காலை நகர்த்தினார்.